நெல்லையின் பின்கோடும் நாலு கோடி இலக்கப் பகா எண்ணும்

2024 அக்டோபரில் கணித உலகிலிருந்து ஒரு செய்தி வந்தது. 2-இன் 13,62,79,841ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் எண் பகா எண்தான் என்று உறுதி செய்திருக்கிறார்கள். அன்றுவரை கண்டறிந்த பகா எண்களில் அதுவே மிகப் பெரியது. அதை எழுத 4,10,24,320 இலக்கங்கள் வேண்டும்.

இன்னொரு செய்தி அடிக்கடி வருவது. இணைய வங்கிச் சேவைகளைக் காக்கும் பூட்டுகளில் ஒரு வகை, 617 இலக்க எண் ஒன்றை நம்பி நிற்கிறது. அந்த எண்ணை இரண்டாகப் பிளக்க இன்றைய எந்தக் கணினியாலும் முடியாது. குவாண்டம் கணினி வளர்ந்துவிட்டால் முடியலாம்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது நியாயமே. நாலு கோடி இலக்க எண்ணைச் சோதித்து, 1-உம் அந்த எண்ணும் தவிர அதற்கு வேறு காரணிகளே இல்லை என்று சொல்ல முடிகிறது. வெறும் 617 இலக்க எண்ணின் காரணிகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இது எப்படிச் சரியாகும்?

இரண்டும் உண்மைதான். அது விளங்க வேண்டுமானால் ஒரு பெரிய எண்ணைக் கையில் எடுத்து, காகிதத்தில் நாமே பிளந்து பார்க்க வேண்டும். நெல்லைக்காரர்கள் யோசிக்காமல் எழுதிவிடக்கூடிய எண் ஒன்று இருக்கிறது: திருநெல்வேலியின் பின்கோடு 627001. அதை இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு முறை எழுதினால் பன்னிரண்டு இலக்க எண் கிடைக்கும்.

627001627001

எண்ணை வாசிப்போம்

நம் முறையில் காற்புள்ளி இட்டால் இது 6,27,00,16,27,001. வாய்விட்டுச் சொன்னால் அறுபத்திரண்டாயிரத்து எழுநூறு கோடியே பதினாறு லட்சத்து இருபத்தேழாயிரத்து ஒன்று. ஆதார் எண்ணுக்கும் இதே நீளம்தான். கோடிக்கு மேலும் எண்களுக்குப் பெயர் வைத்த மொழி தமிழ். ஆம்பல், தாமரை, வெள்ளம் என்பவை பழந்தமிழில் பேரெண்களின் பெயர்கள். அன்றாடப் புழக்கத்தில் கோடியோடு நின்றுவிட்டோம்.

பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவுகள் அடங்கிய வட்டாரம். முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிக்கும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகும் அங்கே 627 தொடர்கிறது. தென்காசியின் எண் 627811. தூத்துக்குடி 628-இல் தொடங்குகிறது.

இந்த 627 கணக்குக்கு வசதியான எண். 627 = 3 × 11 × 19. எனவே 627-இல் தொடங்கும் எந்தப் பின்கோட்டையும் 3, 11, 19 ஆகியவற்றால் வகுத்துப் பார்க்கக் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் போதும். முன்னால் நிற்கும் 6,27,000 இம்மூன்றாலும் மீதியின்றி வகுபடும். களக்காடு 627501: 501 மூன்றால் வகுபடும், ஆகவே முழு எண்ணும் வகுபடும். சேரன்மகாதேவி 627414: 414-உம் அப்படியே. அம்பாசமுத்திரம் 627401: 401 மூன்றாலும் வகுபடாது, பதினொன்றாலும் வகுபடாது, பத்தொன்பதாலும் வகுபடாது. நெல்லை 627001-க்குக் கடைசி மூன்று இலக்கங்கள் 001. மூன்றிலும் மீதி 1.

நான்கு சொற்கள்

1. காரணி: ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 ஆகியவை காரணிகள்.

2. பகா எண்: 1, தான் என்னும் இரண்டே காரணிகள் உள்ள எண். 2, 3, 5, 7, 11, 13 எனத் தொடரும். பகுக்க முடியாதது என்று பெயரே சொல்லிவிடுகிறது. இலக்கண வகுப்பில் பகுபதம், பகாப்பதம் படித்தவர்களுக்கு இது பழகிய சொல்தான்; மேலும் பிரித்தால் பொருள் தராத சொல் பகாப்பதம்.

3. பகு எண்: 1-ஐவிடப் பெரியதாக, பகா எண்ணாக இல்லாத எண். 91 = 7 × 13.

4. பகாக் காரணிப்படுத்தல்: ஓர் எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுதுவது. எந்த எண்ணுக்கும் இது ஒரே ஒரு விதமாகத்தான் அமையும்; வரிசை மாறலாம், உறுப்புகள் மாறாது. எண் கோட்பாடு முழுவதும் இந்த ஒரு தூணின்மேல் நிற்கிறது என்றால் மிகையில்லை. ஓர் எண்ணின் பகாக் காரணிகள் தெரிந்துவிட்டால் அதன் மற்ற குணங்களில் பெரும்பாலானவற்றை எளிதாகக் கணக்கிட்டுவிடலாம்.

627001627001-ஐப் பிளத்தல்

படி 1. ஆறு இலக்க எண்ணை இருமுறை எழுதினால் முன்பாதி பத்து லட்சம் மடங்காகிவிடுகிறது. அதாவது 627001 × 10,00,000 + 627001. சுருக்கினால் 627001 × 10,00,001.

படி 2. 10,00,001 பார்வைக்குப் பகா எண் போலத் தோன்றும். ஆனால் 101 × 9901 = 9,90,100 + 9,901 = 10,00,001. ஆகவே எந்தப் பின்கோட்டை இருமுறை எழுதினாலும் வரும் எண் 101-ஆலும் 9901-ஆலும் மீதியின்றி வகுபடும். இரண்டாலும் வகுத்தால் அதே பின்கோடு திரும்பி வந்து நிற்கும். இப்படிப்பட்ட கணக்குகள் சில சமயம் 'எண்ணின் அதிசய சக்தி' என்ற பெயரில் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. சக்தி எதுவும் ஊரின் எண்ணில் இல்லை. பத்து லட்சத்து ஒன்றின் குணம் அது. சென்னைக்கும் அப்படியே, டெல்லிக்கும் அப்படியே.

படி 3. இனி 627001. இது நெல்லைக்கே உரிய பகுதி. ஓர் எண் இரண்டாகப் பிளந்தால் அவற்றில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 627001-இன் வர்க்கமூலம் 792-க்குச் சற்றுக் குறைவு. ஆகவே 792-க்குக் கீழே உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் போதும்.

2, 5: கடைசி இலக்கம் 1, ஆகவே இல்லை. 3, 11, 19: இல்லை என்று மேலே கண்டோம். மற்றவற்றின் மீதிகள்: 7-க்கு 4, 13-க்கு 11, 17-க்கு 7, 23-க்கு 21, 29-க்கும் 21, 31-க்கு 26, 37-க்கு 36 (ஒன்றே ஒன்று குறைந்து தவறிவிட்டது), 41-க்கு 29, 43-க்கு 18, 47-க்கு 21, 53-க்கு 11, 59-க்கு 8, 61-க்கு 43, 67-க்கு 15.

அடுத்தது 71. எண்ணாயிரம் முறை 71 என்றால் 5,68,000, மிச்சம் 59,001. எண்ணூறு முறை என்றால் 56,800, மிச்சம் 2,201. முப்பத்தொரு முறை என்றால் 2,201. மிச்சம் எதுவும் இல்லை.

627001 = 71 × 8831

பகா எண் வரிசையில் 71 இருபதாவது. இருபது முயற்சியில் பூட்டு திறந்துவிட்டது. இந்த 'இருபது' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 4. 8831 மேலும் பிளக்குமா? அதன் வர்க்கமூலம் 94-க்குள். இங்கே உழைப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. 71-க்குக் கீழே உள்ள பகா எண் ஏதாவது 8831-ஐ வகுத்தால் அது 627001-ஐயும் வகுத்திருக்க வேண்டும். வகுக்கவில்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். மீதமிருப்பவை 71, 73, 79, 83, 89 மட்டும். அவற்றின் மீதிகள் முறையே 27, 71, 62, 33, 20. எதுவும் வகுக்கவில்லை. 8831 பகா எண்.

101, 9901 இரண்டும் பகா எண்கள்தான்; நூறுக்கு உட்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்து யாரும் உறுதி செய்துகொள்ளலாம். ஆக முழு விடை:

627001627001 = 71 × 101 × 8831 × 9901

ஒன்பதால் ஒரு சரிபார்ப்பு. இடப்பக்க எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 32, மறுபடி கூட்டினால் 5. வலப்பக்கக் காரணிகளுக்கு அதே போல் கூட்டினால் 8, 2, 2, 1. அவற்றின் பெருக்கல் 32, மறுபடி 5. பொருந்துகிறது.

பிளந்த பிறகு தெரியவரும் குணங்கள்

1. காரணிகளின் எண்ணிக்கை. நான்கு வெவ்வேறு பகா எண்கள் ஒவ்வொரு முறை வருகின்றன. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் 2 × 2 × 2 × 2 = 16 காரணிகள்.

2. குறைவெண். தன்னைத் தவிர்த்த மற்ற பதினைந்து காரணிகளையும் கூட்டினால் 1,526 கோடியே 39 லட்சத்து 56 ஆயிரத்து 615 வருகிறது. எண்ணின் மதிப்பில் நாற்பதில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணுக்கே சமமானால் அது நிறைவெண் (6 = 1 + 2 + 3). இது குறைவெண்.

3. இரண்டு வர்க்கங்களின் கூட்டல். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களை எல்லாம் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். மீதி 3 வருபவற்றை எழுதவே முடியாது. 101 = 10² + 1². 9901 = 99² + 10². இவற்றைப் பெருக்கினால் வரும் 10,00,001-க்கு இரண்டு வழிகள் கிடைக்கின்றன: 1000² + 1², 980² + 199². முதலாவது கண்ணுக்கு எளிதில் தெரியும். இரண்டாவது காரணிகள் தெரிந்தவருக்குத்தான் சுலபமாக வரும். 71, 8831 இரண்டுக்கும் மீதி 3. அதனால் 627001-ஐயோ இருமுறை எழுதிய பெரிய எண்ணையோ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத வழியே இல்லை. மூன்று வர்க்கம் அனுமதித்தால் முடியும்: 627001 = 788² + 69² + 36².

71 என்னும் பகா எண்ணும் வல்லத்துக்காரரும்

நெல்லையின் எண்ணிலிருந்து வந்த 71 கணிதத்தில் 'பிள்ளை பகா எண்கள்' என்று அழைக்கப்படும் வரிசையைச் சேர்ந்தது. அந்தப் பிள்ளை நெல்லைச் சீமைக்காரர். சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்தவர். தாயை ஒரு வயதிலும் தந்தையைப் பள்ளி இறுதியாண்டிலும் இழந்தவர். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்தார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தபோதுதான் அவருடைய பெரும்பணி நடந்தது. அஞ்சல் துறை யாரையும் மனத்தில் வைத்து 627001-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தப் பொருத்தம் தற்செயல்தான். ஆனாலும் அந்த வட்டாரத்துப் பெயர் தாங்கிய எண் அந்த வட்டாரத்தின் தலைநகர் எண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பிள்ளை பகா எண் என்றால் என்ன?

1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவதைக் காரணீயப் பெருக்கம் என்பார்கள். 7-இன் காரணீயப் பெருக்கம் 1 × 2 × 3 × 4 × 5 × 6 × 7 = 5,040. இதோடு 1 கூட்டினால் 5,041. அது 71 × 71. அழகான பொருத்தம். இங்கே 71-இலிருந்து 1-ஐக் கழித்தால் 70, அது 7-இன் மடங்கு. அப்படியானால், ஓர் எண்ணின் காரணீயப் பெருக்கத்தோடு 1 கூட்டினால் வருவதை ஒரு பகா எண் வகுக்கிறது என்றால், அந்தப் பகா எண்ணிலிருந்து 1 கழித்தது எப்போதும் தொடக்க எண்ணின் மடங்காகத்தான் இருக்குமோ?

9-ஐ எடுத்துப் பார்ப்போம். 9-இன் காரணீயப் பெருக்கம் 3,62,880. ஒன்று கூட்டினால் 3,62,881 = 71 × 5,111. மறுபடியும் 71 வகுக்கிறது. ஆனால் 70 ஒன்பதின் மடங்கு இல்லை. விதி உடைகிறது. இப்படி விதியை உடைக்கும் பகா எண்களே பிள்ளை பகா எண்கள்: 23, 29, 59, 61, 67, 71, 79, 83 எனத் தொடர்பவை. இவற்றுக்கு முடிவே இல்லை என்பது பின்னால் நிறுவப்பட்டுவிட்டது.

அவருடைய இன்னொரு தேற்றம் பள்ளி மாணவருக்கும் எட்டக்கூடியது. அடுத்தடுத்த எண்களை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது இருக்குமா? பதினாறு எண்கள் வரை எங்கிருந்து தொடங்கினாலும் இருந்தே தீரும் என்று பிள்ளை நிறுவினார். பதினேழானால் தவறும் இடம் உண்டு. 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களைப் பாருங்கள். இரட்டைப்படை எண்கள் ஒன்றோடொன்று 2-ஐப் பகிர்கின்றன. 2187, 2193, 2199 ஆகியவை 3-ஐப் பகிர்கின்றன. 2185-உம் 2195-உம் 5-ஐ. 2191, 2184-ஓடு 7-ஐப் பகிர்கிறது. 2189-க்கு 2200 துணை, காரணி 11. மிஞ்சி நிற்பது 2197. அது 13 × 13 × 13; 2184 பதின்மூன்றின் மடங்கு. தனித்து நிற்க ஒன்றுகூட இல்லை.

அவர் பெயரை உலகுக்குச் சொன்னது வேறொரு கணக்கு. எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மிகாமல் கூட்டி எழுதிவிடலாம். ஆறாம் அடுக்குகளால் எழுத எத்தனை வேண்டும்? 73 போதும் என்று பிள்ளை நிறுவினார். குறைக்க முடியாது என்பதற்கு 703 சான்று: 2-இன் ஆறாம் அடுக்கான 64 பத்து முறை, 1 அறுபத்து மூன்று முறை, மொத்தம் 73. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்தின் அழைப்பும் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டின் அழைப்பும் ஒன்றாக வந்தன. புறப்பட்டவரின் விமானம் 1950 ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 49. நெல்லைப் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு இவர் பெயரே தெரியாமல் இருப்பது பெரிய குறை.

'பகா எண்ணா?' வேறு கேள்வி, 'காரணிகள் எவை?' வேறு கேள்வி

இனி முதலில் எழுந்த குழப்பத்துக்கு வருவோம். 71-ஐ நாம் வகுத்து வகுத்துத்தான் கண்டுபிடித்தோம். அதனால் ஓர் எண் பகு எண் என்று அறிய அதன் காரணியைப் பிடித்தாக வேண்டும் என்று தோன்றும். அது அவசியமே இல்லை.

17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா கண்ட விதி இது: 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. எடுத்துக்காட்டாக 7: 2-இன் ஆறாம் அடுக்கு 64; 64 = 9 × 7 + 1.

இப்போது 91. 2-இன் 90ஆம் அடுக்கை 91-ஆல் வகுக்க வேண்டும். 2-இன் 12ஆம் அடுக்கு 4,096. அது 91 × 45 + 1, அதாவது மீதி 1. அடுக்கைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எடுத்துக்கொண்டே போனால் 84 வரை மீதி 1-ஆகவே இருக்கும். மிஞ்சுவது ஆறாம் அடுக்கு: 64. மீதி 64, 1 அன்று. ஆகவே 91 பகா எண் இல்லை. முடிந்தது. 7-உம் 13-உம் எங்கும் தலைகாட்டவில்லை.

இந்தச் சோதனைக்கு இரண்டு குறிப்புகள்.

1. மீதி 1 வராவிட்டால் பகு எண் என்பது உறுதி. மீதி 1 வந்தாலோ பகா எண் என்று உறுதி சொல்ல முடியாது; 341 = 11 × 31 இந்தச் சோதனையில் தப்பிவிடும். ஐயத்துக்கு இடமில்லாமல், எல்லா எண்களுக்கும் பொருந்தும்படி விரைவாகச் சோதிக்கும் முறையை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தார்கள். அவர்களில் இருவர் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தார்கள்.

2. வேலையின் அளவு. அடுக்கை உயர்த்த ஒவ்வொரு முறையும் 2-ஆல் பெருக்கத் தேவையில்லை, வர்க்கமாக்கிக்கொண்டே போகலாம். 2, 4, 16, 256 என்று அடுக்கு ஒவ்வொரு தாவலிலும் இரட்டிக்கும். 617 இலக்க எண்ணுக்குச் சுமார் 2,048 தாவல்கள் போதும். கணினிக்கு இது நொடிப்பொழுது வேலை.

செய்தியில் வந்த நாலு கோடி இலக்க எண்ணுக்கு இன்னும் தனி வசதி உண்டு. 2-இன் ஓர் அடுக்கில் 1 குறைந்த எண்களை மெர்சென் எண்கள் என்பார்கள். அவற்றுக்கென்றே லூக்கா–லெமர் சோதனை இருக்கிறது. 4-இல் தொடங்கு, வர்க்கமாக்கி 2-ஐக் கழி, எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள், இதையே திருப்பிச் செய். 31-க்கு (2-இன் ஐந்தாம் அடுக்கில் 1 குறைவு) இதை மூன்று முறை செய்ய வேண்டும்: 4, பிறகு 14, பிறகு 194 (31-ஆல் வகுத்தால் மீதி 8), பிறகு 62 (மீதி 0). கடைசியில் 0 வந்தால் பகா எண். பெரிய எண்ணுக்கு இதே வேலையைப் பதின்மூன்று கோடியே சொச்சம் முறை செய்ய வேண்டும், அவ்வளவுதான். எண் எவ்வளவு பெரியதானாலும் படிகள் எத்தனை என்பது முன்கூட்டியே தெரியும். காரணி தேடுவதில் அந்த உறுதி கிடையாது.

இரண்டு கேள்விகளுக்கும் உள்ள இடைவெளிக்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 2-இன் 67ஆம் அடுக்கில் 1 குறைந்த எண், அதாவது 147573952589676412927, பகா எண் இல்லை என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா காட்டினார். காரணிகள் எவை என்று அவருக்குத் தெரியாது. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் கோல் என்பவர்தான் 193707721 × 761838257287 என்ற விடையை முன்வைத்தார். இடையில் 27 ஆண்டுகள் ஓடிவிட்டன. இருபத்தொரு இலக்க எண்ணுக்கே இந்தப் பாடு.

பின்கோட்டைப் பூட்டாக்கினால்

இந்த இடைவெளியைப் பயன்படுத்தித்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் ஆர்எஸ்ஏ என்னும் மறையீட்டு முறையை அமைத்தார்கள். நம் 627001-ஐ வைத்தே அதை நடத்திக் காட்டலாம்.

1. கடைக்காரர் 71, 8831 என்ற இரண்டு பகா எண்களைத் தேர்ந்தெடுத்து ரகசியமாக வைத்துக்கொள்கிறார். பெருக்கி வந்த 627001-ஐயும், கூடவே 3 என்ற எண்ணையும் ஊருக்கே அறிவிக்கிறார். இது பொதுச் சாவி.

2. நெல்லையப்பர் கோயில் அருகே அல்வா வாங்குகிறவர் '100' என்ற செய்தியை மறைத்து அனுப்ப வேண்டும். 100-ஐ மூன்று முறை பெருக்கினால் 10,00,000. அதை 627001-ஆல் வகுத்தால் மீதி 3,72,999. அனுப்புவது இந்த மீதியைத்தான்.

3. கடைக்காரர் ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்று குறைத்துப் பெருக்குகிறார்: 70 × 8830 = 6,18,100. மூன்றால் பெருக்கி 6,18,100-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்ணைத் தேடுகிறார். அது 4,12,067. இதுதான் ரகசியச் சாவி. வந்த 3,72,999-ஐ 4,12,067ஆம் அடுக்குக்கு உயர்த்தி 627001-ஆல் வகுத்தால் மீதி 100. செய்தி திரும்பக் கிடைத்துவிட்டது.

வழியில் 3,72,999-ஐ ஒட்டுக்கேட்டவருக்கு 627001 தெரியும், 3 தெரியும். தெரியாதது 6,18,100. அதைப் பெற 71-உம் 8831-உம் வேண்டும். நம் பூட்டை அவர் இருபது முயற்சியில் திறந்துவிடுவார். அதனால்தான் உண்மையான பூட்டுகளில் முந்நூற்றுச் சொச்சம் இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கி 617 இலக்க எண் செய்கிறார்கள். 3-க்குப் பதில் பெரும்பாலும் 65,537-ஐ வைக்கிறார்கள். செய்தியோடு தற்செயல் எண்களையும் கலக்கிறார்கள். காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை எழுத ஏறத்தாழ 80 இலக்கங்கள் போதும் என்பது மதிப்பீடு. முந்நூறு இலக்கக் காரணியை ஒவ்வொன்றாகத் தேடுவதைவிடத் தாமிரபரணி மணலை எண்ணி முடிப்பது சுலபம்.

எல்லாப் பரிமாற்றங்களும் ஆர்எஸ்ஏயை நம்பி நடப்பதாக எண்ண வேண்டாம். நீள்வட்ட வளைவு முறை என்ற வேறொரு முறையும் இன்று பரவலாக இருக்கிறது.

செய்திகளை எப்படிப் புரிந்துகொள்வது

1. பெரிய பகா எண் கண்டுபிடித்ததால் வங்கிப் பூட்டுக்கு ஆபத்து எதுவும் இல்லை. பூட்டை உடைக்கப் பகா எண் சோதனை உதவாது. சொல்லப்போனால் பூட்டு செய்வதற்குத்தான் அந்தச் சோதனை பயன்படுகிறது. முந்நூறு இலக்கப் பகா எண்களைத் தேடிப் பிடிக்க அது வேண்டும். நாலு கோடி இலக்க எண்ணைப் பூட்டில் வைக்க முடியாது. உலகுக்கே தெரிந்த எண் அது.

2. பிளக்கும் கலையும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 1977-இல் சவாலாக விடப்பட்ட 129 இலக்க எண், 1994-இல் இணையத்தில் இணைந்த ஏறத்தாழ 600 தன்னார்வலர்களின் கணினிகளால் பிளக்கப்பட்டது. 250 இலக்க எண் 2020 பிப்ரவரியில் பிளந்தது. வகுத்து வகுத்துப் பார்க்காமல் வேறு நுட்பமான வழிகளில் செய்தவை இவை. இலக்கம் கூடக் கூட உழைப்பு மிக வேகமாக ஏறுவதால் 617 என்பது இன்றைய முறைகளுக்கு வெகு தொலைவு.

3. குவாண்டம் கணினி கதையை மாற்றக்கூடும். பீட்டர் ஷோர் 1994-இலேயே, அத்தகைய கணினி இருந்தால் காரணி காண்பதும் விரைவான வேலையாகிவிடும் என்று காட்டிவிட்டார். 2001-இல் ஏழு குவாண்டம் பிட்டுகள் கொண்ட இயந்திரம் 15-ஐ 3 × 5 என்று பிளந்தது. பதினைந்திலிருந்து 617 இலக்கத்துக்குப் போகப் பிழை திருத்திக்கொள்ளும் மிகப் பெரிய இயந்திரம் வேண்டும். அது வரும்வரை காத்திருக்காமல், காரணி காண்பதை நம்பாத புதிய மறையீட்டு முறைகள் மூன்றை 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்டது. மாற்றத்தை இப்போதே தொடங்க ஒரு காரணம் உண்டு: இன்று மறைத்து அனுப்பிய செய்தியை யாராவது சேமித்து வைத்துக்கொண்டு, பிளக்கும் இயந்திரம் கிடைத்த அன்று திறந்து படிக்கலாம். அல்வாவுக்குக் கொடுத்த நூறு ரூபாய்க் கணக்கு அதற்குள் பழசாகிவிடும். மருத்துவப் பதிவுகளும் அரசு ஆவணங்களும் ஆகாது.